மூன்று பேர் கொடுத்த ஒரே முகவரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நலமா என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அப்படி ஒரு அதிர்ச்சி. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன்னால் வந்ததுதான். எந்தச் சாமான் யாரிடமிருந்து வருகிறது என்று கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் ஏற்றி வையுங்கள், மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இப்படியா இருப்பார்கள் என்று நீ அண்ணனை விரட்டினாயே. அப்பாவின் கணக்குதான் உனக்குத் தெரியுமே. கொண்டுவந்து இறக்குகிற ஆளுக்கு ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான் விவரம். கழுவுகிற பிரஷ் தொப்பிக்காரர், துணி பிரஷ் குட்டை வண்டி, பாட்டில் பிரஷ் அஞ்சு நிமிஷம். அந்த மனிதர் எப்போது கூப்பிட்டாலும் அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்பார், மறுநாள்தான் வருவார். சாமானை எங்கே செய்கிறார்கள் என்று அப்பா ஒருவரையும் கேட்டதே இல்லை. அண்ணன் விடவில்லை, செய்கிற இடத்தின் முகவரி தந்தால்தான் இனி ஆர்டர் என்று சொல்லிவிட்டான். மூன்று பேரும் மழுப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றும் ஒரே முகவரி, ஒரே போன் நம்பர். கேலி செய்கிறார்களோ என்று நினைத்து, அப்பா எதிரில் இருக்கும்போதே அந்த நம்பருக்குப் போன் போட்டான். டைப் அடிக்க வேண்டுமே என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தான். நான் டீ கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் பேசியது அப்பாவின் குரல். அப்பாவோ என் கண்ணெதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் நம் கடைப் பெயரைச் சொன்னான். அப்புறம்தான் புரிந்தது, அப்பாவின் குரலை அப்படியே கொண்ட உன் சித்தப்பா. மெதுவாகச் சொன்னார், "அப்பாகிட்ட சொல்லிடாதடா. தெரிஞ்சா வாங்க மாட்டாரு."

கடையைப் பிரித்துக்கொண்ட அன்று சித்தப்பாவைப் பார்த்து, உன் கை பட்ட ஒரு சாமானும் என் வாசல் ஏறாது என்று அப்பா கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் சித்தப்பா என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார் என்று நாங்கள் பேச்செடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். இப்போது பார்த்தால் கடையில் பாதி அலமாரி சித்தப்பா கை பட்டது, நம் வீட்டுக் குளியலறையில் கிடப்பதும் அவருடையதுதான். இந்தப் பிரஷ் மாதிரி எவனாலும் செய்ய முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பீற்றிக்கொண்டதை நினைத்தால் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

அப்பா கிடங்குக்குள் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார், பேயறைந்த மாதிரி இருந்தது முகம். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்வார், வியாபாரமும் போயிற்று, அண்ணன் தம்பி உறவும் அடியோடு போயிற்று என்றே நினைத்தேன். அண்ணன் பயந்துகொண்டே போய், கம்ப்யூட்டரில் யாரிடமிருந்து என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்று கேட்டான். "தம்பின்னு போடு" என்றார்.

ஆனால் போன் மட்டும் செய்ய மாட்டேன் என்கிறார். நேற்றிலிருந்து ஒவ்வொரு பிரஷாக எடுத்து முடியை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். ஒன்று உதிர்ந்தால் போதும், திட்டுவதற்காகவாவது கூப்பிடுவார். பாழாய்ப்போனது ஒன்றும் உதிரவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, குழந்தையை வெறும் தரையில் படுக்க வைக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். அப்பா இப்போது குளிக்கப் போயிருக்கிறார். இந்தக் கடிதத்தை ஒட்டியதும் நான் ஒரு குறடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன், ஏதாவது ஒரு பிரஷில் நாலு முடியைப் பிடுங்கி, அவர் கண்ணில் படும்படி அதை மேலாக வைத்துவிட்டு வருவேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா