பாரம் இறக்கிய பின்

வியாழன் இரவு.

அண்ணனின் பிக்கப் வண்டியை வாங்க இன்று சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் வந்தார். காலையிலேயே அண்ணன் பின்னால் உர மூட்டைகளை ஏற்றி வைத்திருந்தான். காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் அழகுக்காக வண்டியை உயர்த்தினான். அதிலிருந்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சரிந்து நிற்கிறது. வேகமெடுத்தால் இருக்கை வரை நடுங்கும். பாரம் இருந்தால் வண்டி தாழ்ந்து நடுக்கம் அடங்கிவிடும்.

வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஸ்மூத்தா போகுது லா தம்பி. பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போகத்தான் கேக்குறேன்.”

பிள்ளைகள் என்றதும் வாய் திறந்துவிட்டேன். “மூட்டைய இறக்கிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க அங்கிள்.”

“யுனிவர்சிட்டில படிச்சவங்க. எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணணும்,” என்றான் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை. அவனே மூட்டைகளை இறக்கினான்.

இரண்டாம் முறை திரும்பி வந்தவர் சாவியை மெல்ல நீட்டினார். “ஷாஃப்ட் ஒருநாள் ரோட்டுலயே கழண்டுக்கும் தம்பி. பார்த்து ஓட்டுங்க.”

அண்ணன் என்னைத் திட்டவில்லை. சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டான்.

யாரோ பெற்ற பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாக மாலை வரை நினைத்திருந்தேன். வண்டி எங்களிடமே இருக்கிறது. நாளைக் காலை அதில் கடல் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகப்போவது அண்ணன்தான். வண்டியை விட்டுவிட்டு ஃபெரியில் போ என்று சொல்ல வேண்டும். அவன் கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். உள்ளே விளக்கு எரிகிறது. இன்று என் பேச்சை அவன் ஏன் கேட்க வேண்டும்? இன்னொரு முறை போய்த் தட்டிப் பார்க்கிறேன்.