மாமியாரை வெளியே வைத்திருக்கும் வேலை

மார்ச் 4, புதன்

எழுத்து தெரியாதவனுக்கும் நாட்குறிப்பு! நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

மகள் மனநல டாக்டர். பிள்ளை பெற்றவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பவள். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பிரிவுக்கு 'மனநலம்' என்று பலகை உண்டு. அதைப் பார்த்தாலே இந்தப் பக்கத்துப் பெண்கள் தெருமுனையில் திரும்பிவிடுவார்கள். அதனால் புதன்கிழமை தடுப்பூசி நாளில் இவளே இந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வந்து உள்ளறையில் உட்கார்ந்துகொள்கிறாள். பலகை கிடையாது. கூடப் படித்தவர்கள் சொந்த ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். இவளுக்கு நாற்காலிகூடச் சொந்தமில்லை.

நர்சம்மா மாமியாரைக் குழந்தையோடு எடை போட வெளியே கூப்பிடுவாள். அரைமணி நேரம் அவர்களைப் பேச்சில் பிடித்து வைப்பது என் வேலை. அப்போதுதான் உள்ளே மருமகள் வாய் திறப்பாள்.

இன்று வந்த மாமியாருக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்தேன். மருமகளிடம் கேட்டதற்கெல்லாம் இவளே பதில். "தூக்கம் வருதாம்மா?" என்று நர்சம்மா கேட்டால், "அவளுக்கென்ன, இடி விழுந்தாலும் எழுந்திரிக்கமாட்டா!" வெளியே வந்தும் நிற்கவில்லை, உடனே உள்ளே போய்விட்டாள். மருமகள் மடியில் இருந்த குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி வைத்திருந்தாள்.

மார்ச் 5

மகள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். "அடுத்த வாரம் எனக்கு அந்தப் பொண்ணுகூடத் தனியாப் பேசணும்பா. எப்படியாவது." நோயாளிகளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். முகம் சொல்லியது. அந்தப் பெண் உயிரோடு இருக்கவேண்டுமே என்ற பயம்.

மார்ச் 11

குழந்தைக்கு எடை குறைவென்று வாரா வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீலம்மாவிடம் மறுபடி தோற்றேன். என் முழங்கால், செத்துப்போன என் பெண்டாட்டியின் கோபம், பஸ் கவிழ்ந்த கதை — கையிருப்பு அத்தனையும் அவிழ்த்தேன். "உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா பெரியவரே? அவ உள்ள தனியா இருக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள் மகள். "இத்தனை வருஷமா இதே கதவுதான்பா. பேச ஆரம்பிக்கும்போதே யாராவது திறந்துடறாங்க."

எனக்கும் அலுத்துவிட்டது. இந்த வயதில் இது என்ன பிழைப்பு?

மார்ச் 17

தொண்டை கட்டிவிட்டது. போனே 'மறுபடி சொல்லுங்கள்' என்கிறது. நாளைக்கு நான் எதற்கு?

மார்ச் 20

இன்றுதான் குரல் வந்தது. புதன்கிழமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வக்கீலம்மா குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "அப்பாடா! ரேடியோ ரிப்பேரா?" எழுந்துவிடுவாளோ, எழுந்துவிடுவாளோ என்று உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழவில்லை.

"மருமகளப் பாத்தா பயமா இருக்கு பெரியவரே" என்றாள், குழந்தையைப் பார்த்தபடி. "என் மூத்தவன் பொறந்தப்ப நானும் இப்படித்தான். கிணத்தடியில போய் நிப்பேன். என்ன ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல. அதான் அவளக் கண்ணவிட்டு அகலவிடறதில்ல."

அட, பாவி மனுஷி! காவலுக்கா நின்றாய்? நான் உன்னை விரட்டத்தானே பார்த்தேன்.

"அந்த டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லலாமா?"

தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். போய்க் கதவைத் தட்டினாள்.

வரும் வழியில் மகள் என் தொண்டைக்கு மிட்டாய் வாங்கித் தந்தாள்.

மார்ச் 25

வக்கீலம்மாவைக் காணோம். மருமகளும் குழந்தையும் பெரிய ஆஸ்பத்திரியில் மகளின் பிரிவில் சேர்ந்திருக்கிறார்களாம். நர்சம்மா சொன்னாள்.

ஏப்ரல் 8, புதன்

வக்கீலம்மா வந்தாள்! கூட வந்தது மருமகள் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் பச்சைக் குழந்தை, பின்னாலேயே அவள் மாமியார்.

"உங்க மருமக?" என்றேன்.

"இன்னும் வார்டுலதான். நேத்து அவளாவே குழந்தையக் கேட்டு வாங்கினா. கொஞ்ச நேரந்தான். ஆனா கேட்டா."

பிறகு என்னை இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "நவுருங்க. இவ மாமியார் இப்ப வெளிய வருவா. நீங்க வாயத் திறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்."