உரிமையாளர் பெயர்

மார்ச் 3

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், ஒரு வார்த்தை மறைக்கவும் மாட்டேன். வரலாறு எழுதுகிறவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பாடப்புத்தகத்தின் முன்னுரை சொல்கிறது.

இன்று பனி உருகித் தெருவெல்லாம் சேறு. மாவட்டத்திலிருந்து அப்பாவுக்கு இரண்டு பெட்டிகள் வந்தன. உள்ளே மாட்டின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எங்கள் கிர்கிஸ்தான் ஐந்து நாட்டுச் சந்தையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் எங்கள் மாடுகள் எல்லை தாண்ட முடியவில்லை. எண்ணைத் தட்டினால் எந்த மாடு, யாருடையது, என்ன ஊசி போட்டது எல்லாம் தெரிய வேண்டும் என்கிறார்கள் கசாக் பக்கத்தில். அப்பா ஊர் மாட்டு டாக்டர். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் பதிவேடு எழுதப்போவது நான்!

"மாட்டுக்கெல்லாம் தோடு வந்துடுச்சு, எனக்கு எப்போ?" என்றாள் அம்மா.

மார்ச் 7

இன்று நாற்பத்திரண்டு மாடுகள். எண்ணினால் கண் படும் என்று பாதிப் பேர் ஒளித்துவைக்கிறார்கள். கிழவர் ஒருவர் "மூணுதான் டாக்டர், சத்தியமா மூணுதான்" என்று சொல்லும்போதே சுவருக்குப் பின்னால் நாலாவது கத்தியது.

"அது யாரு?" என்றார் அப்பா.

"என் மாமியார்."

என் தோழி சைக்கால் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டாள். மாட்டைப் பிடிக்க அவள், எழுத நான். செப்டம்பரில் இரண்டு பேரும் மாவட்ட உறைவிடப் பள்ளிக்குப் போகிறோம், ஒரே அறை கேட்கப்போகிறோம். அவள் அம்மா புருல்சா அத்தை பாலேடு விற்றுத்தான் அவளை அனுப்பப்போகிறாள்.

மார்ச் 11

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

மாவட்ட அதிகாரி கையில் டேப்லெட்டுடன் வந்திருந்தார். நான் பதிவேட்டில் எழுதுவதை அவர் அதில் ஏற்றுவார். கடைசி வீடு சைக்காலுடையது. ஒரு செவலைப் பசு, அதன் கிடாரி ஒன்று. புருல்சா அத்தை எங்களுக்கு ரொட்டியும் பாலேடும் வைத்தாள்.

"உரிமையாளர் பெயர்?" என்றார் அதிகாரி.

"என் பேரையே போடுங்க. புருல்சா."

அப்பா குனிந்து இடுக்கியில் வில்லையைப் பொருத்திக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். "அத்தை, இது தொக்தோசுன் மாமா குடுத்த சான் மாடு இல்லையா? சான்னா பால்தான் வாங்கினவங்களுக்கு. மாடும் கன்னும் குடுத்தவருக்குத்தான். வரலாற்றுப் புத்தகத்துல இருக்கு."

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். வேறு ஒன்றும் இல்லை.

அத்தையின் முகம் சிவந்தது. "என் புருஷன் செத்த அன்னைக்கு, 'உன் வாசல்ல நிக்கட்டும், பிள்ளை பால் குடிக்கட்டும்'னு கொண்டுவந்து கட்டினார். அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு நாள் திருப்பிக் கேட்டதில்ல. குடுத்த மாட்டை எந்த ஆம்பளை திருப்பிக் கேப்பான்?"

"கேக்கலைன்னா உங்களுதா? எழுதிக் குடுத்தாரா?" என்றேன் நான்.

"இல்ல."

அதிகாரி என் தோளில் தட்டினார். "இந்தப் பொண்ணு நம்ம ஆபீஸ்ல இருக்க வேண்டியவ!"

எழுதினேன். தொக்தோசுன். அடுத்த வரியிலும், கிடாரிக்கு, தொக்தோசுன். எழுதும்போது பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

திரும்பும் வழியில் அப்பா, "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார்.

"பொய் எழுதவாப்பா?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

மார்ச் 13

வகுப்பில் சைக்கால் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் வெயில் வருகிறதாம்.

மார்ச் 22

எங்கள் வசந்தப் புத்தாண்டு முடிந்த மறுநாளே கசாக் வியாபாரி வந்துவிட்டான். வில்லை போட்ட மாடு மட்டும்தான் வேண்டுமாம். தொக்தோசுன் மாமா தன் பட்டியலைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். விரலை வைத்து எண்ணினார். இரண்டு அதிகம்.

"அட, புருல்சா வீட்டுல எனக்கு மாடு இருக்கா! மறந்தே போச்சு."

அவருக்கு எழுபது மாடு. நிஜமாகவே மறந்துதான் போயிருந்தார்.

"அண்ணே, ஊர் என்ன பேசும்?" என்றார் அப்பா.

"நான் கேக்கலையே தம்பி. கவர்மெண்டு காகிதம்ல சொல்லுது. அதுவும் உம் பொண்ணு கையெழுத்துல, முத்து முத்தா."

பெயரை மாற்றலாமா என்று நான் கேட்டேன். உரிமையாளர் ஒப்பம் இட்டால் மாற்றலாம் என்றார் அப்பா. தொக்தோசுன் மாமா சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தார்.

மார்ச் 24

காலையில் பால் கறப்பதற்கு முன்பே தொக்தோசுன் மாமா ஆட்களோடு வந்துவிட்டார். புருல்சா அத்தை வாளியோடு நின்றாள்.

"ஒரு தடவை கறந்துக்கறேன்."

"வேணாம். மடி கனத்திருந்தாத்தான் அவன் கூடக் குடுப்பான்."

பசு வாளியைப் பார்த்துத் தானாகவே அவள் பக்கம் திரும்பியது. வாலை முறுக்கி லாரியில் ஏற்றினார்கள். கிடாரி ஏற மறுத்துக் காலைப் பரப்பிக்கொண்டு நின்றது. சைக்கால் என்னைப் பார்த்தாள். தெருவே கேட்கும்படி, "அதான் நீ எழுதிட்டியே! வந்து தள்ளு, தள்ளிவிடு!" என்றாள்.

நான் தள்ளவில்லை. தடுக்கவும் இல்லை. வேலியோரம் நின்றேன்.

நான் எழுதியதில் எது பொய்? ஒரு எழுத்துகூட இல்லை. அப்புறம் ஏன்டி என்னை அப்படிப் பாத்தே?

ஏப்ரல் 2

லாரி எல்லையில் மூன்று நாள் நின்றதாம். அந்தப் பக்கத்துக் கணினி எங்கள் எண்ணை ஏற்கவில்லை. அவர்கள் எண்ணில் இலக்கங்கள் அதிகமாம். வியாபாரி கை விரித்துவிட்டான். ஏற்றிப்போன பத்தொன்பது மாட்டையும் எல்லையோரக் கசாப்புக்காரனுக்கே விற்றுவிட்டு வந்தார் தொக்தோசுன் மாமா. செவலையையாவது திருப்பிக் கொண்டுவந்திருக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "டீசல் நீ போடுவியா?" என்றாராம்.

ஏப்ரல் 3

பால் கட்டிய மடியோடு மூன்று நாள்.

ஏப்ரல் 20

புருல்சா அத்தைக்கு எங்கள் பள்ளியில் கூட்டும் வேலை கிடைத்திருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் சைக்காலும் கூடக் கூட்டுகிறாள். உறைவிடப் பள்ளி விண்ணப்பத்தை அவள் கொடுக்கவில்லை. அறையில் என்னோடு வேறு ஊர்ப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

மே 19

தலைநகரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். எங்கள் ஊர் முன்மாதிரிக் கிராமமாம். பள்ளி மண்டபத்தில் ஜன்னல் திரைகளை மூடிவிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். ஐந்து நாட்டு வரைபடம், நடுவில் காதில் வில்லையோடு சிரிக்கும் மாடு. ஒருங்கிணைப்பு என்ற சொல் பதினொரு முறை வந்தது. எண்ணினேன். மாடுகளுக்கு எல்லை இன்னும் திறக்கவில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. தொக்தோசுன் மாமா முதல் வரிசை. "மிகத் துல்லியமான பதிவேடு" என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழும் ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் விருந்துக்குப் போய்விட்டார்கள். நான் மண்டபத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரைகள் மூடியே இருக்கின்றன.

சைக்கால் துடைப்பத்தோடு வந்தாள். வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். சைக்கால் என்றேன்.

"காலைத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். எனக்கு அடியில் கூட்டினாள். குப்பையை அள்ளிக்கொண்டு கதவுவரை போனாள். அங்கே நின்று, நோட்டும் பேனாவுமாக நான் இருப்பதை நன்றாகப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டாள்.