முறுக்கிய தண்டவாளம்

மில்லன், ஜார்ஜியா
1864 டிசம்பர் 11, ஞாயிறு, காலை ஏழு மணி
பார்த்து முடித்த தண்டவாளங்கள்: 640

அன்புள்ள அண்ணன் லூஷியஸுக்குத் தம்பி ஏசா எழுதுவது.

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எழுதினால் பொய்.

வடக்குப் படை போய் எட்டு நாளாகிறது. சண்டை எதுவும் இல்லை. எதிர்த்து நிற்க இங்கே யார் இருக்கிறார்கள்? ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி, தண்டவாளத்தைப் பழுக்கக் காய்ச்சி, இரண்டு முனையிலும் கொக்கி மாட்டி முறுக்கிவிட்டார்கள். வெறுமனே வளைந்ததை அடித்து நிமிர்த்திவிடுவேன். முறுக்கியதை ஆலையில் உருக்கித்தான் ஆகவேண்டும். ஆலை அட்லாண்டாவோடு எரிந்துபோயிற்று. வளைந்தது 41, முறுக்கியது 599. இரண்டு வாரத்தில் ரயில் விடு என்கிறார் மேலாளர். எதை வைத்து என்றேன். தேசப்பற்றை வைத்து என்றார்.

பாதை வேலை பார்த்த அடிமைகள் முப்பது பேரும் அந்தப் படைக்குப் பின்னால் நடந்துவிட்டார்கள். ஊரில் துரோகம் என்று பேச்சு. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் என்றைக்கோ போயிருப்பேன்.

சோளம், பன்றி, கோவேறு கழுதை எதுவும் மிச்சமில்லை. பெர்மீலியா அண்ணி, இறைச்சிக்குப் புகை போடும் கொட்டகையில் உப்புநீர் சொட்டி ஊறிய தரை மண்ணைத் தோண்டி, கரைத்துக் காய்ச்சி உப்பு எடுக்கிறார். போன மாதமே அரை வயிறுதான். உன் மகள் டாபித்தா இப்போது எழுந்து நடப்பதில்லை. நோய் இல்லை, பசி.

இதையெல்லாம் எழுதவே கூடாது என்றார் அண்ணி. "தெரிஞ்சா ஓடி வந்துருவாரு. பிடிச்சா நம்ம படையே சுட்டுரும். கிறிஸ்துமஸுக்குப் பன்றி இருக்குன்னு எழுதுப்பா." அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழியில் உன்னை அசைக்க முடியாமல்தான் இங்கே வந்து உன் பிள்ளையின் சோளத்தை எரித்தார்கள். இதைப் படித்து நீ துப்பாக்கியைக் கீழே போட்டால் அவர்கள் நினைத்தது நடந்துவிடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். நடக்கட்டும். வந்துவிடு.

ஐந்நூறு மைல். நாளுக்குப் பதினைந்து வீதம் முப்பத்து நான்கு நாள். பெரிய சாலைப் பக்கம் வராதே. காயம் ஆறி உன் படைக்குத் திரும்புகிறவர் இதைக் கொண்டு வருகிறார்; உன் கைக்கு வர ஒரு மாதமாகும். அவருக்குப் படிக்கத் தெரியாது.

இனி நான் செய்யப்போவது:

1. முடியாது என்று மேலாளருக்கு எழுதிக் கொடுப்பேன்.
2. கொட்டகை மண் தீரும்வரை அண்ணியோடு உப்புக் காய்ச்சுவேன்.
3. சொன்னபடியே எழுதினேன் என்று அண்ணியிடம் பொய் சொல்வேன்.
4. பிப்ரவரி பதினைந்திலிருந்து தினமும் பொழுது சாயும்போது ஒகீச்சி ஆற்றுத் துறையில் நிற்பேன். சீருடையைக் கழற்றிப்போட்டு நீ மாற்றிக்கொள்ள அப்பாவின் கறுப்புக் கோட்டு கையில் இருக்கும்.
5. அதுவரை உன் கால்களுக்காக ஜெபிப்பேன். எனக்கு ஜெபம் வராது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும்.

உன் தம்பி,
ஏசா