கோட்டைச் சாவியும் புதிய பகுதியும்

என் கணவருக்கு,

பல் மருத்துவரிடம் செல்கிறேன். ஒரு மணிக்குத் திரும்பிவிடுவேன். மதிய உணவை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். குழாய் பழுதுபார்ப்பவர் பதினொன்றுக்கு வருவார். வாசல் சாவி அதற்குரிய ஆணியில் இருக்கிறது. அங்கேயே மீண்டும் மாட்டவும்.

உங்கள் கணினி விளையாட்டின் புதிய பகுதி வாங்கத் தகுதியற்றது என்று நேற்று நான் சொன்னதும், "ஒரு தடவ ஆடிப் பாத்துட்டுப் பேசேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போனீர்கள். நீங்கள் சொன்னது நியாயமே. ஆகவே இன்று காலை நீங்கள் எழுவதற்குள் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தேன்.

உங்கள் வீரனின் பையைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. காலிக் குப்பிகள், எலும்புகள், ஒற்றைச் செருப்பு. உங்கள் மேசை இழுப்பறையேதான். அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, வேண்டாதவற்றை விளையாட்டில் வரும் ஊர்க் கொல்லனிடம் தள்ளிவிட்டேன். துருப்பிடித்த சாவி ஒன்றும் அவற்றோடு போயிற்று. புதிய பகுதியின் கோட்டைக் கதவைத் திறப்பது அந்தச் சாவி மட்டுமே என்பதைப் பின்னரே படித்தேன். பிழை என்னுடையது.

மூன்று தலைப் பாம்பைக் கொன்றால்தான் சாவியைத் திருப்பித் தருவேன் என்கிறான் கொல்லன். பேசிப் பார்த்தேன், மசியவில்லை.

புதிய பகுதியை வாங்குங்கள்.

பி.கு.: மாத்திரை உணவுக்குப் பின், முன் அன்று.

இன்னொன்று: பாம்பின் இரண்டு தலைகளை வெட்டிவிட்டு ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். மூன்றாவதை நான் வரும்வரை தொடாதீர்கள்.