பின்சீட்டின் நீளம்

மஸ்கெலியா கடைவீதி,
தாது வருஷம் ஆனி மாதம்.

இறம்பொடையில் இருக்கும் சம்பந்தி சிவகாமசுந்தரி அம்மாள் அவர்களுக்கு, தனலெட்சுமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் பழகியிருக்கிறோம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சம்பந்தி ஐயா, மாப்பிள்ளை ராமநாதன், பிள்ளைத்தாச்சியாக இருக்கும் என் மகள் பூரணி எல்லாரும் நன்றாக இருக்க மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வளைகாப்பு முடிந்தாலும் பூரணியை அனுப்புவதற்கில்லை, மூத்த மகளைப் பறிகொடுத்த வீடு ராசியில்லை, தலைப்பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நம் உறவு அறுந்திருக்கும். எங்கள் வீட்டுக்காரர்தான் மைக்கூட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

என் மூத்தவள் மீனம்மாவை வீடு கொல்லவில்லை, அம்மாள். போன ஆடியில் நடந்ததை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இப்போது எழுதுகிறேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்தபோது நல்ல பகல். பஸ் போய்விட்டது. தேயிலைப்பெட்டி ஏற்றிய தோட்டத்து லொறி ஒன்று கடைவாசலில் நின்றது. துரையின் கடுதாசி இல்லாமல் ஆள் ஏற்றினால் என் வேலை போய்விடும் என்று டிரைவர் கும்பிட்டான். மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தினோம். மழை. நோர்வூட்டுக்கு இந்தப்பக்கம் வரும்போது, பின்னால் வந்த ஒரு துரையின் கார் விடாமல் ஹார்ன் அடித்தது. வண்டிக்காரன் பயந்துபோய் ஓரம்கட்ட, சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. கார் எங்களைத் தாண்டியபோது பார்த்தேன். முன்னால் துரை மட்டும். பின்சீட்டில் ஒரு வெள்ளை நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. நாங்கள் சக்கரத்தைத் தூக்குவதற்குள் மீனம்மா போய்விட்டாள். பிள்ளையும் வெளியே வராமலே போய்விட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, ஒரு கார் வாங்குங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெரிய கார் வேண்டாம். பெட்ரோல் குடிக்கும் பூதத்தைக் கட்டித் தீனிபோட மளிகைக் கடைக்கு வக்கில்லை. எங்கள் சந்தில் அது திரும்பவும் திரும்பாது. சின்னதாக, ஒருவர் ஓட்டிப் பழகியதாக, மேடு ஏறுவதாக இருந்தால் போதும். தரகர் அழகையாவைப் பிடித்து ஹட்டனில் மூன்று கார் பார்த்தோம். கார் ஓட்டத் தெரிந்த நம் கடைப்பையன் சோலைமலையும் வந்தான். நானும் போனேன். கார் பார்க்கப் பொம்பளையா என்று கடைவீதி சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதலாவது, தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிளாக்கருடைய பேபி கார். பார்வைக்கு நகைப்பெட்டி மாதிரி இருந்தது. கதவு இரண்டுதான். முன்சீட்டை மடக்கி, குனிந்து நுழைந்தால்தான் பின்னால் போகலாம். வலி கண்டவள் எப்படிக் குனிவாள்? நான் நுழைந்து பின்சீட்டில் படுத்துப் பார்த்தேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது. வெளியே கூட்டம் கூடிவிட்டது. வாங்குறதுக்கு முன்னாடியே பொணமாட்டம் படுக்குறியே, எந்திரிடி என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். பூரணியும் என் உயரம்தான், நான் படுக்க முடியாததில் அவளும் படுக்க முடியாது என்றேன்.

இரண்டாவது, கித்தான் கூரை போட்ட கார். அரிசி மூட்டையும் ஏற்றலாமே என்று அவருக்கு அதன்மேல் ஆசை. கூரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். பாதித் தண்ணீர் சீட்டுக்கு வந்துவிட்டது. நம் மலை மழைக்குச் சல்லடையையா வாங்குவது?

மூன்றாவது, கரும்பச்சை மோரிஸ். நாலு கதவு, தகரக் கூரை. சோலைமலை கைப்பிடியைச் சுழற்றியதும் ஒரே சுற்றில் என்ஜின் பிடித்தது. எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு செங்குத்தில் பாதி ஏறி நிறுத்தச் சொன்னேன். பின்னால் நழுவாமல் நின்றது; மறுபடி முக்காமல் ஏறியது. மற்றவர்கள் இறங்கியதும் நான் மட்டும் பின்சீட்டில் படுத்தேன். காலை நன்றாக மடக்கி, நிம்மதியாகப் படுக்க இடமிருந்தது. அழகையாவுக்கு வியாபாரம் முடிந்த சந்தோஷம். சீமைக்குப் போற துரையோட காருங்க, அவரு எப்பவும் ஒத்த ஆளுதான், இந்தப் பின்சீட்டுல ஒரு வெள்ள நாயத் தவிர மனுசரு யாருமே ஒக்காந்ததில்லீங்க என்று பெருமையாகச் சொன்னார்.

நான் படுத்தபடியே இருந்தேன். என் கன்னத்துக்குப் பக்கத்தில், சீட்டுத் தையலில், வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. எந்தத் தோட்டத்துத் துரை என்று கேட்டேன். அவர் சொன்ன தோட்டம் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது. வா தனம், போயிரலாம், இது நமக்கு வேணாம் என்று என் கையைப் பிடித்தார். அவர் அப்படி அழுததை மீனம்மா செத்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

அந்தக் காரைக் கொளுத்திவிட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் இருந்தது. உங்களிடம் மறைப்பானேன். ஆனால் மழை பிடித்துவிட்டது. பூரணிக்கு ஆவணியில் நாள். வேறு நல்ல கார் கிடைக்கும்வரை வயிற்றுப்பிள்ளை காத்திருக்குமா? இதையே வாங்குங்கள் என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெந்நீரும் சவுக்காரமும் வைத்துச் சீட்டை நானே தேய்த்தேன். மயிர் போய்விட்டது. வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூரணியை இங்கே அழைத்து வரத்தான் அதை வாங்கினேன். ஆனால் தலவாக்கலைக்கு அப்பால் இரண்டு இடத்தில் மண் சரிந்திருக்கிறதாம். இந்த வயிற்றோடு அவளை அந்த வழியில் குலுக்கிக்கொண்டு வருவது பெற்றவள் செய்கிற காரியமல்ல. உங்களுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரி இருக்கிறது. நீங்கள் சொன்னபடி அவள் அங்கேயே இருக்கட்டும். ராசி என்று சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கார் அங்கே வருகிறது. சோலைமலை காலியாக மெல்ல ஊர்ந்து வந்து, இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பான். தாய்வீட்டுச் சீர் என்று நினைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். அவன் பிரசவம்வரை அங்கேயே இருப்பான். குடிக்கமாட்டான், சோறுதான் கொஞ்சம் அதிகம் தின்பான். குளிரில் என்ஜின் முரண்டு பிடிக்கும், தினமும் விடிந்ததும் ஒருதரம் ஓட்டிவைக்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போது நுவரெலியா மேட்டைப் பார்த்து நிறுத்தட்டும். திருப்புகிற நேரம்கூட வீணாகக் கூடாது. சம்பந்தி ஐயாவிடம் சொல்லுங்கள், உங்கள் கடைச்சாமானுக்கு முன்சீட்டை எடுத்துக்கொள்ளட்டும், பின்சீட்டில் ஒரு மூட்டைகூட வைக்க வேண்டாம். பூரணியிடம் அது யாருடைய கார் என்று சொல்லாதீர்கள்.

நான் வரலாமா என்று கேட்கவில்லை. ராசியில்லாத வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றால் உங்களுக்குச் சங்கடம். ஆனால் வழியில் அவள் தலையை மடியில் தாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்தச் சீட்டில் அதற்கும் இடமிருக்கிறது, நான் அளந்துதான் பார்த்தேன். சொல்லி அனுப்பினால் கிடைத்த பஸ்ஸில் வந்து, திண்ணையில் ஒரு மூலையில் இருந்துகொள்வேன்.

என் மகள் அதில் படுத்துப் போக நேர்ந்தாலும், உட்கார்ந்து திரும்பி வரட்டும், அம்மாள். உங்களைக் கும்பிட்டுக் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
தனலெட்சுமி