எழுந்து நிற்காத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். போனில் நீ "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற வேகத்திலேயே நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. படைவீரர் மறுவாழ்வு அலுவலகத்தில் உனக்குக் கொடுத்த தையல் மெஷின் இப்போது ஜன்னலோரம் துணி மடித்து வைக்கும் மேசையாகிவிட்டது. நீ தைத்த ஒரே தலையணை உறையை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள். நாலு பக்கமும் மூடித் தைத்த உறை உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். ராணுவத்தில் பன்னிரண்டு வருடம் சரக்கு லாரி ஓட்டியவளுக்கு அரசாங்கம் யோசித்துக் கொடுத்த மறுவாழ்வு அது. நீ அன்றைக்குச் சிரித்தாய். அடுத்த மாதமே அவ்வளவு தூரம் போய் ஏதோ ஒரு கிடங்கில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்துவிட்டாய். நான் சிரிக்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன் பெயரில் ஒரு மனு கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் அந்த மறுவாழ்வு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் மனு கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நீ நம்பமாட்டாய். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட அம்மாவை அனுப்புகிறவள் நான். "படிச்சதெல்லாம் தொண்டையிலயே கிடக்குது, வெளிய வரமாட்டேங்குது" என்று நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். வீட்டின் முதல் பட்டதாரி என்று என் போட்டோவைக் கூடத்தில் மாட்டியவளும் நீதான். அதற்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் காத்திருப்பு அறையைப் பார்க்க வேண்டும் நீ. எல்லோரும் ராணுவத்தைவிட்டு வந்தவர்கள். சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். பிரிவு அலுவலர் டீ குடிக்க வெளியே போனாலும் எழுந்து நிற்கிறார்கள், குடித்துவிட்டு உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கிறார்கள். அவர் ஒருநாளும் சீருடை போட்டவர் இல்லை. ஆனாலும் நாற்காலிகள் கிரீச்சென்று ஒரே நேரத்தில் பின்னால் நகரும். அவர்களோடு நானும் எழுந்தேன், முதல் இரண்டு வாரமும்.

அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான். "உங்க அக்காவுக்கு என்னம்மா குறை? மெஷின் கொடுத்தாச்சு, ஃபைல் மூடியாச்சு." லாரி, பஸ் ஓட்டும் பயிற்சிக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். ராணுவ லைசென்ஸை வெளியிலும் செல்லுபடியாகும்படி மாற்றித் தருவதும் அந்தப் பயிற்சியில்தான். "லேடீஸுக்குத் தையல், இல்லன்னா பியூட்டி பார்லர். அதான் வழக்கம்" என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கேட்டேன். அங்கே நன்றாகவே வந்தது.

போன செவ்வாய் அவர் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. தைரியம் என்று நினைக்காதே. அடுத்து என் முறை என்ற பயத்தில் கால் நடுங்கியது, எழுந்தால் விழுந்துவிடுவேன் போல இருந்தது. அவர் நின்றுவிட்டார். "ஏம்மா, எந்திரிக்க முடியாதா?" என்றார். அப்போது என்ன ஆனதோ, கண்ணாடி முன்னால் பேசிய குரல் வந்துவிட்டது. "பொம்பளைங்க லாரி ஓட்டக் கூடாதுன்னு எந்த விதியில இருக்குன்னு சொல்லுங்க சார், எந்திரிக்கறேன்" என்றேன்.

எனக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார், எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். ராணுவத்தில் ஒரு முகாமுக்கே சமைத்துப் போட்டவர். அவருக்கு இவர்கள் பார்த்துக் கொடுத்தது வாட்ச்மேன் வேலை. "அண்டாவோட நின்னவன கேட்டோட நிறுத்துறாங்க" என்று முந்தின வாரம்தான் என்னிடம் புலம்பியிருந்தார். அவர் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "முட்டி வலி சார்" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் "எனக்கும் ரெண்டு நாளா இருக்கு" என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அறை முழுக்க முட்டி வலி வந்துவிட்டது. அலுவலர் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு மேலதிகாரி அம்மா வெளியே வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு உன் ஃபைலைப் பார்த்தார். அப்படி ஒரு விதியே இல்லை அக்கா. யாரோ எப்போதோ அப்படிச் செய்தார்களாம், அப்புறம் எல்லோரும் அப்படியே செய்தார்களாம். வரும் பயிற்சி வகுப்பில் உனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை நீயே நேரில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும். "வரலைன்னா அவங்களுக்கே இஷ்டமில்லன்னு எழுதிடுவோம்" என்று பிரிவு அலுவலர் வாசல்வரை வந்து சொன்னார். நீ வரமாட்டாய் என்று பந்தயம் கட்டுகிற முகம்.

அதுதான் எனக்குப் பயம். நீ வராமல் இருக்க அவர் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த மலைப் பாதையில் நடந்த விபத்தைப் பற்றி நீ எங்களிடம் சொல்லவில்லை. உன்னோடு அந்த லாரியில் வந்த பையன் திரும்பி வரவில்லை என்பதும், விசாரணையில் உன் மேல் தவறில்லை என்று சொன்னார்கள் என்பதும் மட்டும்தான் தெரியும். நீ மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் நீ கடைசி வரிசைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மாமா கார் கொண்டுவந்தபோது முன் கதவைத் திறந்து பிடித்தார், நீ சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் ஏறினாய். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மேலதிகாரியின் அறையிலும் சொல்லவில்லை.

இனி ஓட்டவே வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அது உன் முடிவு. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல். அவர்கள் வேண்டாம் என்றது வசதியாகப் போயிற்று என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்காதே. அதற்கு நான் விடமாட்டேன்.

அடுத்த செவ்வாய் மீசைக்காரர் முறை. அவருக்காக உட்கார வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மெஷினை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்கிறாள். நீ வந்து சொல்வாய் என்றிருக்கிறேன்.

ஓட்டிக் காட்டும்போது கூட ஒருவர் ஏறலாமா என்று பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டேன். ஏறலாமாம். "உங்களுக்குப் பயமில்லையாம்மா?" என்றார். இருக்கிறது என்றேன்.

திங்கட்கிழமை வா அக்கா. நீ ஓட்டு. பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன், திரும்பி வந்து சேரும்வரை.

உன் வருகையை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
தங்கை